அறிவிப்பாளர் இல்லாச் செய்தி: போர்க் காட்சிகளும் நினைவின் நீதியும்

2023 ஆம் ஆண்டு நவம்பர் மாதம். காஸாவின் மீது குண்டுகள் பொழிந்துகொண்டிருந்த நாட்கள். புதுவையில் நாம் பணியாற்றும் அரபுக் கல்லூரியில் ஸஹீஹ் முஸ்லிம் பாடத்தைத் தொடங்குமுன், முந்தைய இரவு நமது கைப்பேசிக்கு வந்த ஒரு படத்தைப் பற்றி மாணவர்களிடம் பேசினோம். இடிபாடுகளுக்கு நடுவே, புழுதி படிந்த ஒரு சிறுவனின் உடலைத் தந்தை ஏந்தி நிற்கும் படம் அது. காஸாவில் எடுக்கப்பட்டது என்று அதன்கீழ் எழுதியிருந்தது. நண்பர்கள், உறவினர், பழைய மாணவர்கள் என நாற்பது பேருக்கேனும் அதனை நாம் அனுப்பியிருந்தோம். அப்போது கடைசி வரிசையிலிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, தயங்கியபடி கேட்டார்: "ஹஜ்ரத், இதன் இஸ்நாத் என்ன?"

வகுப்பில் சிரிப்பு எழுந்தது, நாமும் சிரித்தோம். அன்று அஸருக்குப் பின் அதே மாணவர் நம்மிடம் வந்து, அப்படம் பல ஆண்டுகளுக்கு முன் சிரியாவின் ஹலப் நகரில் எடுக்கப்பட்டது என்பதை அது முதலில் வெளியான பக்கத்தைக் கொண்டே காட்டினார். அதன்பின் நமக்குச் சிரிப்பு வரவில்லை.

நாம் அறிந்து பொய் சொல்லவில்லை. சிறுவன் இறந்தது உண்மை. தந்தையின் துயரம் உண்மை. ஆயினும் அச்சிறுவனிடமிருந்து அவனது ஊரைப் பறித்தோம். அவனைக் கொன்றவர்களின் குற்றத்தையும் வேறொருவர் கணக்கில் எழுதினோம். காஸாவில் நிகழ்ந்தவற்றுக்கு மெய்யான சான்றுகள் நிறைந்திருக்க, பொய்யான சான்றொன்றைச் சேர்த்து, மெய்யானவற்றையும் ஐயுறுவதற்கு எதிராளிக்கு வழி திறந்துவிட்டோம். ஒரே செயலில் இரண்டு அநீதிகள். அந்த மாணவரின் கேள்விக்கு அன்று வகுப்பில் தந்திருக்க வேண்டிய விடையைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

போரில் பிறந்த கலை

இஸ்நாத் எனப்படும் அறிவிப்பாளர் வரிசையை வழிபாட்டுச் சட்டங்களுக்கு மட்டுமே உரிய ஒரு கல்வித்துறை மரபாக நம்மில் பலர் கருதுகிறோம். அது தோன்றிய சூழலை நோக்கினால் வேறொன்று புலப்படும். தாபிஈன்களில் ஒருவரான முஹம்மது இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களின் கூற்றொன்றை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார்கள். தொடக்கத்தில் மக்கள் அறிவிப்பாளர் வரிசையைப் பற்றிக் கேட்டதில்லை என்பதும், ஃபித்னா நேர்ந்த பின்னரே அறிவிப்பவர்களின் பெயர்களைச் சொல்லுமாறு கேட்கத் தொடங்கினர் என்பதும் அதன் சாரம். அந்த ஃபித்னா எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் கொலையை (ஹிஜ்ரி 35) ஒட்டி எழுந்த உள்நாட்டுப் போரே அது என்போர் பலர். எவ்வாறாயினும், முஸ்லிம்கள் முஸ்லிம்களோடு வாள் ஏந்திய காலத்தில்தான், யார் சொன்னார் என்ற கேள்வி கடமையாயிற்று.

திருக்குர்ஆன் 49 ஆம் அத்தியாயத்தின் ஆறாம் வசனமும் இத்தகைய சூழலிலேயே வைத்து விளக்கப்படுகிறது. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதனைத் தீர விசாரிக்க வேண்டும். இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடும் என்பது அதன் கட்டளை. பனூ முஸ்தலிக் குலத்தார் ஸகாத் தர மறுத்துப் படை திரட்டுகின்றனர் என்ற தவறான செய்தி மதீனாவை எட்டியதையும், அதனால் ஒரு போர் மூளவிருந்ததையும் விரிவுரையாளர் பலர் இவ்வசனத்தோடு இணைத்துக் கூறுவர்.

ஆக, நம் மரபில் செய்தி ஆய்வு என்பதன் முதற்களமே போர்தான். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற கருத்துடைய நபிமொழியையும் இமாம் முஸ்லிம் அதே முன்னுரையில் வைத்துள்ளார்கள். செய்தியைப் புனைந்தவரைப் பற்றி மட்டும் அது பேசவில்லை. புனையாமல் வாங்கிக் கைமாற்றிய நம்மைப் பற்றியும் பேசுகிறது. இக்காலச் சொல்லில் கூறுவதாயின், ஒரு படத்தை முன்னனுப்புபவரும் அறிவிப்பாளரே ஆவார்.

புதுவையில் போர்ச் செய்தி

இந்நகருக்கும் இக்கேள்வி புதிதன்று. துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761) 1736 முதல் கால் நூற்றாண்டு எழுதிய நாட்குறிப்பு, பெரும்பகுதி போர்ச் செய்திகளால் ஆனது. பிரஞ்சுக்காரர் 1746 இல் சென்னையைக் கைப்பற்றியது, 1748 இல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டது, 1750 இல் நாசிர் ஜங் கொல்லப்பட்டது ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. அந்நூலைப் படிப்பவரின் கவனத்தை ஈர்க்கும் ஒன்றுண்டு. பிள்ளையவர்கள் செய்தியை மட்டும் எழுதுவதில்லை. அதனைக் கொண்டுவந்தவர் யார், எந்த ஊரிலிருந்து கடிதம் வந்தது, அது பேச்சளவில் உலவுவதா என்பவற்றையும் அடிக்கடி குறித்துச் செல்கிறார். ஹதீஸ் கலையைக் கல்லாத ஒரு வணிகர், தம் தொழிலின் தேவையால் அக்கலையின் அடிப்படையைக் கைக்கொண்டார். தவறான செய்தி அவருக்குப் பண இழப்பையும் பதவி இழப்பையும் தரக்கூடியதாயிருந்தது என்பதே காரணம். இன்று தவறான படத்தை அனுப்புவதால் நமக்கு எந்த இழப்பும் இல்லை. அனுப்பாவிட்டால் கல்நெஞ்சர் என்ற பெயர்தான் வருகிறது.

கடற்கரைச் சாலையில் நிற்கும் பிரஞ்சுப் போர் நினைவகம் நினைவின் மற்றொரு வடிவம். முதல் உலகப் போரில் பிரஞ்சுக் கொடியின்கீழ் மாண்ட பிரஞ்சிந்திய வீரர்களுக்காக 1938 இல் அது திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று அங்கு மலர் வளையம் வைக்கப்படுகிறது. அதனை எழுப்பியது யார், எந்த அரசின் பெருமைக்காக எழுப்பியது என்பது கல்லிலேயே தெரிகிறது. யாரை நினைவுகூர்கிறது என்பது தெரிவதைப் போலவே, அப்போரை வேண்டாதிருந்த குடியேற்ற நாட்டு மக்களைப் பற்றி அது பேசவில்லை என்பதும் தெரிகிறது. கல்லுக்குச் சார்பு உண்டு. ஆனால் அது தன் சார்பை மறைப்பதில்லை. கைப்பேசித் திரையில் வரும் படமோ, யாருடைய சார்புமின்றி நேரே நிகழ்விடத்திலிருந்து வந்ததுபோல் தோன்றுகிறது. அதன் வலிமையும் ஆபத்தும் அத்தோற்றத்தில்தான் இருக்கின்றன.

வன்னி, 2009

தமிழ்பேசும் மக்களுக்கு இவ்விரண்டையும் ஒருங்கே காட்டிய நிகழ்வு, இலங்கையின் இறுதிப் போர். 2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளர்களும் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டனர். சுதந்திரமான செய்தியாளர்களுக்கு அங்கே அனுமதியில்லை. 2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி வீழ்ந்தது. மே 18, 19 தேதிகளில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. சாட்சிகளை அகற்றிவிட்டு நடத்தப்பட்ட இப்போரிலிருந்து, முன்னெப்போருக்கும் இல்லாத அளவில் காட்சிகள் வெளிவந்தன. முற்றுகைக்குள் இருந்தோர் எடுத்தவை ஒருபுறம்; வென்ற படையினர் தம் கைப்பேசிகளில் வெற்றிச் சின்னமாக எடுத்து வைத்துக்கொண்டவை மறுபுறம்.

2009 ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி, கண்களும் கைகளும் கட்டப்பட்ட, ஆடையற்ற ஆண்கள் சுட்டுக் கொல்லப்படும் காணொளி ஒன்றை ஒளிபரப்பியது. இலங்கை அரசு அது போலியென மறுத்துத் தன் வல்லுநர்களின் அறிக்கையை முன்வைத்தது. சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் தொடர்பான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று துறை வல்லுநர்களைக் கொண்டு அதனை ஆராய்ந்தார்: ஒருவர் சுடுகருவி அறிந்தவர், ஒருவர் சடலக் கூறாய்வு அறிந்தவர், ஒருவர் காணொளித் தொழில்நுட்பம் அறிந்தவர். அது மெய்யானது என்பதற்கே சான்றுகள் வலுவாக உள்ளன என 2010 ஜனவரியில் அவர் அறிவித்தார்.

அவ்வறிவிப்பில் நம் கருத்தைக் கவர்வது முடிவு மட்டுமன்று. விளங்காத சில கூறுகளையும் அவர் மறைக்காமல் குறிப்பிட்டார். காணொளியில் பதிவாகியிருந்த தேதி 2009 ஜூலை 17, அதாவது போர் முடிந்து இரு மாதங்களுக்குப் பிந்தியது. கொல்லப்பட்டோர் சிலரின் உடலசைவும், கடைசி 17 படச்சட்டங்களும் முழுமையாக விளக்கப்படவில்லை. இவற்றையெல்லாம் சொல்லி, இவை போலி என்ற முடிவுக்கு இட்டுச்செல்லவில்லை என்றும் சொன்னார். முஹத்திஸ்களின் நூல்களைப் பயின்றோருக்கு இம்முறை அந்நியமானதன்று. ஓர் அறிவிப்பில் மறைந்துள்ள குறையை (இல்லத்) அவர்கள் ஒளிப்பதில்லை. எடுத்துக்காட்டி, அது அறிவிப்பை வீழ்த்துமா வீழ்த்தாதா என்று எடைபோடுவர். குறையை ஒப்புக்கொண்ட அறிக்கையே நிலைத்து நின்றது. குறையே இல்லை என்று முழங்கிய இணையப் பக்கங்கள் அதற்கு எந்த வலிமையையும் சேர்த்துவிடவில்லை.

கொலையாளி தானே எடுத்த காணொளி ஒருவகை ஒப்புதல் வாக்குமூலம், இக்ரார். தனக்கெதிராகத் தானே தரும் சாட்சியத்தை ஃபிக்ஹ் வலுவான சான்றாகக் கொள்கிறது. ஆனால் வற்புறுத்தலின்கீழ், இக்ராஹ் நிலையில், வாங்கப்பட்டதை அது ஏற்பதில்லை. போர் வளையத்துக்குள் பணியாற்றிய அரசு மருத்துவர்கள் தொலைபேசி வழியே உயிரிழப்புகளை உலகுக்குச் சொல்லிவந்தனர். 2009 மே மாதம் அவர்கள் தடுத்துவைக்கப்பட்டனர். ஜூலையில் கொழும்பில் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டு, புலிகளின் அழுத்தத்தால் மிகைப்படுத்திக் கூறினோம் என்றனர். இவ்விரு கூற்றுகளையும் இணையத்தில் இருதரப்பாரும் வெட்டியெடுத்து ஆளுக்கொன்றாகப் பரப்பினர். முறையான ஆய்வோ, இரண்டையும் அவை சொல்லப்பட்ட நிலையோடு சேர்த்து நோக்கும். காவலில் இருப்பவரின் மறுப்பைத் தனித்து ஏற்காது. முற்றுகைக்குள் இருந்தவரின் கூற்றுக்கும் துணைச் சான்று தேடும். அச்சான்றுகள் இருந்தன. புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது குண்டுகள் விழுந்ததைச் செஞ்சிலுவைச் சங்கம் 2009 பிப்ரவரியில் தெரிவித்தது. பொதுமக்கள் தங்கியிருந்த பகுதிகளில் விழுந்த எறிகணைகளின் தடங்களைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

காட்சிகள் காட்டாதவையும் உள. தப்பியோட முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதையும், பிள்ளைகளைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததையும், மக்களை அரணாக நிறுத்தியதையும் ஐ.நா. பொதுச் செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011 ஏப்ரலில் வெளியான அறிக்கையில் பதிவு செய்தது. அரசுப் படையின் எறிகணை வீச்சையும் மருத்துவமனைத் தாக்குதல்களையும் பதிவு செய்த அதே அறிக்கைதான் இதனையும் சொல்கிறது. ஆனால் தப்பியோடியவர் சுடப்பட்ட காட்சிகள் அரிதினும் அரிது. படம் இல்லாததால் அச்செய்தி தமிழகத்தின் நினைவில் ஏறவே இல்லை. படம் உள்ளது மட்டுமே நிகழ்ந்தது என்று கொள்ளும் பழக்கம் மின்னூடகம் நமக்குக் கற்றுத்தந்த புதிய மடமை எனலாம்.

எண்ணிக்கையின் கதை

இப்னு கல்தூன் (1332-1406) தம் முகத்திமாவில் வரலாற்றாசிரியர்களைச் சாடும் முதற்காரணங்களுள் ஒன்று எண்ணிக்கை. பனூ இஸ்ராயீலரின் படை ஆறு லட்சத்துக்கும் மேல் என்று எழுதியோரை, அத்தனை பேர் அணிவகுக்க அந்நிலம் இடங்கொடுக்குமா என்று அவர் வினவுகிறார். படை, செல்வம் ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது மனிதர்கள் மிகைக்கு ஆட்படுவர் என்பது அவர் முடிவு.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், இலங்கை அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 1,46,679 என்ற எண்ணை வைத்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தோராக அரசு அலுவலகங்கள் குறித்த தொகையிலிருந்து, போரின் முடிவில் அரசுப் பகுதிக்கு வந்தோர் தொகையைக் கழித்ததால் கிடைத்த எண் அது. இவர்கள் என்ன ஆயினர் என்று அவர் கேட்டார். அரசே தந்த கணக்கைக் கொண்டு அரசிடமே கேட்கப்பட்ட கூர்மையான கேள்வி. இணையத்தில் சில ஆண்டுகள் உலவிய பின் அதே எண் கொல்லப்பட்டோர் தொகையாகப் பல பதிவுகளில் மாறிவிட்டது. அவ்வாறே, ஐ.நா. வல்லுநர் குழு 40,000 வரையிலான பொதுமக்கள் மாண்டிருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாது என்று கருதியது. அது சிலர் கையில் உறுதிப்பட்ட எண்ணாகவும், வேறு சிலர் கையில் வெறும் புனைவாகவும் ஆயிற்று.

இதைச் சுட்டுவதால் இறந்தோரின் தொகையைக் குறைக்க முயல்வதாக எவரும் கருத வேண்டாம். ஆயரின் கேள்வி கேள்வியாகவே இருக்கும்வரை, விடை சொல்ல வேண்டிய கடமை அரசின் மீது நிற்கிறது. அதனை விடையாக மாற்றிவிட்டால், சரியா தவறா என்ற வழக்கு தொடங்கிவிடுகிறது, பொறுப்பாளி தப்பிவிடுகிறார்.

காத்தான்குடி, 1990

படம் இல்லாத சாவுகளை நோக்குவோம். 1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு, இலங்கையின் கிழக்கே காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யா பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்றோர் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. சிறுவர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாயினர். புலிகள் பொறுப்பேற்கவில்லை, தப்பியோரின் சாட்சியம் அவர்களையே சுட்டுகிறது. அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம்.

காத்தான்குடிக்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 2 அன்று, ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. உலகின் செய்திக் கண்கள் வளைகுடாவை நோக்கித் திரும்பின. அடுத்த ஜனவரியில் தொடங்கிய வளைகுடாப் போர், வீட்டுத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காணப்பட்ட முதற்பெரும் போர் எனப் பெயர் பெற்றது. அப்போரே நிகழவில்லை என்று பிரஞ்சுச் சிந்தனையாளர் போத்ரியார் லிபரசியோன் நாளிதழில் எழுதியபோது, காட்சி பெருகப் பெருக நிகழ்வு மறைகிறது என்பதையே சுட்டினார். காட்சியே இல்லாத காத்தான்குடியைப் பற்றி அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு போர் காட்சி மிகுதியால் மறைந்தது என்றால், ஒரு பள்ளிவாசல் காட்சியின்மையால் மறைந்தது.

ஆயினும் அது முற்றிலும் மறையவில்லை. குண்டு துளைத்த சுவரைக் காத்தான்குடி மக்கள் பூசி மெழுகாமல் அப்படியே வைத்துள்ளனர். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 3 அன்று ஷுஹதாக்கள் தினம் அனுசரிக்கப்படுகிறது. தொழவருவோர் அச்சுவரின் முன்னே தொழுகின்றனர். அச்சுவருக்கு அறிவிப்பாளர் வரிசை உண்டு. அந்த இரவு அங்கிருந்தவர், அவர் பிள்ளை, பிள்ளையின் பிள்ளை என ஊரே அதன் ராவி.

பின்னாளில் இணையம் அச்சுவரையும் எடுத்துக்கொண்டது. நம்மை வருந்தச் செய்வது இங்கேதான் தொடங்குகிறது. மே மாதம் வந்தால் முள்ளிவாய்க்கால் படங்கள் கைப்பேசிகளில் நிறைகின்றன. உடனே நம் இளைஞர் சிலர் காத்தான்குடிப் படத்தை எடுத்து மறுமொழியாக வைக்கின்றனர். ஆகஸ்ட் வந்தால் காத்தான்குடியை நினைவுகூர்வோருக்கு, ஊர்காவல் படையின் செயல்களைச் சொல்லி மறுதரப்பார் மறுமொழி தருகின்றனர். ஒருவர் பிணத்துக்கு மற்றவர் பிணம் விடையாகிறது. ஜனாஸாவை ஏந்திச் செல்லும்போது எதிரே மற்றொரு ஜனாஸா வந்தால் இருவரும் ஒதுங்கி வழிவிடுவர். இங்கே இரண்டும் மோதவிடப்படுகின்றன.

நம் தரப்பின் குறையை நாமே சொல்வது கடமை. காத்தான்குடி நிகழ்ந்த அதே மாதம் 12 ஆம் தேதி, அம்பாறை மாவட்டத்தின் வீரமுனையில் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கு அதில் பங்குண்டு என்பது தப்பியோரின் சாட்சியம். காத்தான்குடிப் படத்தை முன்னனுப்பும் நம் நண்பர்களில் எத்தனை பேர் வீரமுனை என்ற பெயரைக் கேட்டிருப்பர்? எண்ணிக்கையிலும் அவ்வாறே. காத்தான்குடி ஷஹீதுகளின் தொகை 103 என்றும் 147 என்றும் இருவிதமாகப் பதிவாகியுள்ளது. நம் பதிவுகளில் பெரிய எண்ணே எப்போதும் இடம்பெறுகிறது. ஆயரின் எண்ணைத் திரித்தோரைக் குறைகூறும் தகுதி, இதனைச் சரிசெய்த பின்னரே நமக்கு வரும். சாட்சியம் உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ எதிராயினும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்ற குர்ஆனின் கட்டளை (4:135) பிறருக்கு மட்டும் அருளப்பட்டதன்று.

நினைவு யார் கையில்?

மின்னூடகத்தில் சேர்த்தவை என்றும் இருக்கும் என்ற நம்பிக்கையும் ஆராயத்தக்கது. சிரியப் போரை அதன் மக்களே படம்பிடித்து யூடியூபில் ஏற்றினர். 2017 ஆகஸ்டில், வன்முறைக் காட்சிகளைக் களையும் பொருட்டு அந்நிறுவனம் பயன்படுத்திய தானியங்கி முறையால் அவற்றுள் ஆயிரக்கணக்கானவை நீக்கப்பட்டன. 2014 இல் தொடங்கிய சிரிய ஆவணக் காப்பகம் போன்ற அமைப்புகள் போராடிப் பலவற்றை மீட்டன. அதாவது, ஒரு சமூகத்தின் நினைவு, அச்சமூகத்தை அறியாத ஒரு நிறுவனத்தின் கருவியால் ஒரே வாரத்தில் அழியக்கூடியதாயிற்று. கல்லுக்கும் இந்நிலை உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 இரவு இடிக்கப்பட்டது. ஆனால் இடிப்பதற்கு இயந்திரம் வரவேண்டியிருந்தது, மக்கள் திரண்டனர், அதே ஆண்டு ஏப்ரலில் அது மீண்டும் எழுந்தது. காணொளி நீக்கப்படும்போது ஓசையும் எழுவதில்லை, கூட்டமும் திரள்வதில்லை.

எனவே மின்னூடகத்தையே பழிப்பது நம் நோக்கமன்று. 1981 இல் எரிக்கப்பட்ட யாழ் நூலகத்தின் 97,000 நூல்களை நினைப்போருக்கு, 2005 இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் என்ற மின்நூலகம் ஓர் ஆறுதல். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சமய வேறுபாடின்றி அது சேர்க்கிறது. முஸ்லிம்களின் வெளியீடுகளும் அதில் உள்ளன. ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஆசிரியர், ஆண்டு, வெளியிட்டோர் பெயர் குறிக்கப்படுகின்றன. அதே கருவி, அதே இணையம். பெயர் சேர்த்துவைத்ததால் அது நூலகமாயிற்று, பெயர் அறுத்துவிட்டதால் மற்றது வதந்தியாயிற்று.

மற்றொன்றும் சொல்லற்பாலது. மரித்தவரைக் குளிப்பாட்டுபவர் தாம் கண்ட குறையை மறைக்க வேண்டும். மையித்தின் மறைவுறுப்பைத் துணி கொண்டு மூடியே நீர் ஊற்ற வேண்டும். இது நம் பிள்ளைகள் சிறுவயதிலேயே கற்கும் சட்டம். வன்னிக் காணொளிகளில் பெண்களின் உடல்கள் ஆடை களையப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றை நீதிபதியும் வல்லுநரும் பார்த்தாக வேண்டும். குற்றத்தை நிறுவுதற்கு அது தேவை. வீதியில் பதாகையாகவும், கைப்பேசியில் காலை வணக்கத்துக்கும் விளம்பரத்துக்கும் இடையிலும் அவற்றைக் காட்ட என்ன தேவை? கொலையாளி ஒருமுறை களைந்த ஆடையை, இரக்கத்தின் பெயரால் ஒவ்வொரு முன்னனுப்பலிலும் நாம் மீண்டும் களைகிறோம்.

2018 இல் வாட்ஸ்அப் நிறுவனம், வதந்தியால் நிகழ்ந்த கும்பல் கொலைகளின் பின், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐவருக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பிட்டது. எண்ணிக்கையைக் குறைத்தால் தீமை குறையும் என்பது வணிகரின் தீர்வு. ஒருவருக்கு அனுப்பினும் நானே அறிவிப்பாளன் என்ற உணர்வுதான் மார்க்கத்தின் தீர்வு. எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று அறியாத படத்தை அனுப்பாதிருத்தல். அறிந்ததை அப்பெயரோடும் ஐயத்தோடும் சேர்த்து அனுப்புதல். தவறியது தெரிந்தால், அனுப்பிய அத்தனை பேரிடமும் திரும்பச் சொல்லுதல். மூன்றாவதுதான் கடினம். அந்த ஹலப் சிறுவனின் படத்தை அனுப்பிய அனைவருக்கும் நாம் திருத்தம் எழுதினோம். மறுமொழி தந்தோர் நால்வரே. அவர்களுள் ஒருவர், இதனால் காஸாவுக்கு என்ன நன்மை என்று கடிந்துகொண்டார்.

அவருக்குச் சொல்ல நம்மிடம் உள்ள விடை இதுதான். முள்ளிவாய்க்காலை நினைவுகூரும் மக்கள் மே மாதத்தில் கஞ்சி காய்ச்சி வழங்குகின்றனர். இறுதி நாட்களில் உயிர்தாங்கியது அக்கஞ்சியே. அதில் படமில்லை, எண்ணிக்கையில்லை. பசித்திருந்தவர் தம் கையால் ஊற்றித் தருகிறார், வாங்குபவர் யார் தந்தது என்று அறிவார். ரமளானில் நம் பள்ளிவாசல்களின் கஞ்சியையும் சாதி சமயம் பாராமல் அக்கம்பக்கத்தார் வாங்கிச் செல்கின்றனர். நினைவும் அவ்வாறு கைக்குக் கை, முகம் தெரிந்து மாறும்போது, ஒருவர் துயரம் மற்றவர் துயரத்துக்குப் பகையாவதில்லை. முகமில்லாமல் மாறும்போது காஸாவின் பிள்ளைக்கும் ஹலபின் பிள்ளைக்கும் வேறுபாடு அற்றுப்போகிறது. காஸாவின் பிள்ளைக்கு நாம் செய்யக்கூடிய முதல் நன்மை, அப்பிள்ளையின் படத்தை அப்பிள்ளையினுடையதாகவே வைத்திருப்பது.

இப்போது நம் வகுப்பில் யார் எந்தப் படத்தைக் காட்டினும் அக்கேள்வி எழுகிறது. யாரும் சிரிப்பதில்லை. அந்தச் சிறுவனின் பெயரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அல்லாஹ் நன்கறிந்தவன்.